அக்காவின் திரைக்கு வந்த பார்வை

அக்கா வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் அம்மா ஒரே கேள்வியைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாள் பூராவும் போனில் பேசுவதற்கு ஒரு ஆபீஸா, அதற்கு ஒரு படிப்பா என்று. அக்கா பொறுமையாக விளக்குவாள். கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் ஆட்கள் கூப்பிடுவார்கள், எதை அழுத்த வேண்டும், எதைக் கழற்றி மாட்ட வேண்டும் என்று நான் சொல்வேன், அவர்கள் செய்வார்கள், சரியாகிவிடும் என்பாள். அம்மா முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப வேலை செய்யறது அவங்கதான்" என்பாள்.

நான் இரும்புக் கட்டிலும் பீரோவும் செய்கிற பட்டறையில் வெல்டராக இருக்கிறேன். நான் செய்ததை நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள், கண்ணால் பார்க்கலாம், தட்டிப் பார்க்கலாம். அக்காவின் வேலையைத் தட்டிப் பார்க்க முடியாது. எனக்கும் ரொம்ப நாள் வரைக்கும் அது என்னவென்று சரியாகப் பிடிபடவில்லை.

அதற்கு முன் அவள் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் நெருக்கும் நேரம் பார்த்து அந்தக் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்து நின்றுவிடும். ஒருநாள் வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட, முதலாளி பல்லைக் கடிக்க, அக்கா பில் இயந்திரத்தில் ஒட்டியிருந்த எண்ணுக்குப் போன் போட்டாள். மறுமுனையில் ஒரு பெண். எந்த ஊரோ, என்ன வயதோ. அவள் அவசரப்படவே இல்லையாம். பயப்படாதீங்க, திரையில என்ன எழுதியிருக்குன்னு மட்டும் எனக்குப் படிச்சுக் காட்டுங்க என்றாளாம். அக்கா படித்தாள். அந்தப் பெண் அதை அழுத்து இதை விடு என்று சொல்லச் சொல்ல, செத்துக் கிடந்த திரை கண் திறந்தது. அக்கா நன்றி சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி சொன்னாள். "என்னை அவ பார்க்கல, கடையைப் பார்க்கல, கம்ப்யூட்டரையும் பார்க்கல. ஆனா எல்லாத்தையும் பார்த்த மாதிரி சொன்னாடா."

கணக்குப்பிள்ளையைப் போல ஒழுங்காகப் பில் போட்டுக்கொண்டிருந்தவள் அதோடு மாறிப்போனாள். மாலை வகுப்பில் சேர்ந்தாள். பெரியப்பா வீட்டில் பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து சாப்பாட்டு மேஜையில் அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டாள். கொஞ்ச காலம் நாங்கள் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். திருப்பிப் பூட்டும்போது இரண்டு திருகு மிச்சம். ஆனால் அது ஓடியது.

வேலைக்கான நேர்காணலில், ஒருத்தர் கம்ப்யூட்டர் ஓடலைன்னு கூப்பிட்டா முதல்ல என்ன கேப்பீங்க என்றார்களாம். ஒயர் மாட்டியிருக்கிறதா என்று கேட்பேன் என்பதுதான் எல்லோரும் சொல்கிற பதில். அக்கா, கெட்டுப்போறதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்கன்னு கேப்பேன் என்றாள். எடுத்துக்கொண்டார்கள்.

நீள மண்டபம். தோள் உயரத் தடுப்பு போட்ட சின்னச் சின்ன மேஜைகள். ஒவ்வொன்றிலும் காதில் ஹெட்போன் மாட்டியும் வாய்க்கு நேரே குட்டி மைக் நீட்டியும் ஒரு ஆள். எல்லோரும் ஒரே நேரத்தில் மெதுவாகப் பேசுவதால், உள்ளே நுழைந்தால் மழை தூறுகிற மாதிரி இருக்கும் என்பாள். அவளுடைய டீம் லீடருக்குக் கடிகாரம் என்று பட்டப்பெயர். ஒரு அழைப்பு கொஞ்சம் நீண்டால் போதும், பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமுவார். கெட்டவர் இல்லை. அவருக்கு மேலே உள்ளவர்கள் அவர் பின்னால் நின்று செருமுகிறவர்கள்.

அக்கா வீட்டுக்கு வந்து சொல்கிற கதைகளுக்கு அம்மாவே சிரித்துவிடுவாள். ரைட் க்ளிக் பண்ணுங்க என்று ஒரு பெரியவரிடம் சொன்னால், "இவ்வளவு நேரமும் ரைட்டாத்தானேம்மா பண்றேன்" என்று அவர் கோபித்துக்கொண்டார். இன்னொரு நாள் ஒருத்தர் கிசுகிசுவென்று பேச, அக்காவும் தன்னை அறியாமல் கிசுகிசுவென்று பதில் சொல்ல, பக்கத்து மேஜைக்காரர்களும் என்னமோ ஏதோவென்று குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கடைசியில் ஏன் மெதுவாகப் பேசுகிறீர்கள் என்று கேட்டால், மடியில் குழந்தை தூங்குகிறதாம்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு முற்பகலில் அந்த அழைப்பு வந்தது.

வயதான ஆண் குரல். கம்ப்யூட்டர் இவர்கள் கம்பெனியுடையதுதான். ஆனால் அதன் கீழே வேறு கம்பெனியின் கருவி ஒன்று மாட்டியிருந்தது. அடி ஸ்கேல் அளவுக்கு ஒரு கறுப்புப் பட்டை. எதிரே இருப்பவரின் கண் எங்கே பார்க்கிறதோ அங்கே திரையில் உள்ள அம்பைக் கொண்டுபோய் நிறுத்துகிற கருவி அது. கை கால் அசைக்க முடியாதவர்களுக்காகச் செய்தது. வேறு கம்பெனிக் கருவி என்றால் மன்னிப்புக் கேட்டு அழைப்பை முடித்துவிட வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே இரண்டு பேர் அப்படி முடித்திருந்தார்கள். அக்காவும் அந்த வாக்கியத்தைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

அவர் முந்திக்கொண்டார். "கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கும்மா. அதுல ஒரு குறையும் இல்ல. என் சம்சாரம் உள்ள இருக்காளா இல்லையான்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

அக்கா சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, சொல்லுங்கய்யா என்றாள்.

அவர் பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். அந்த வட்டாரத்தில் பாதி ஆபீஸ்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவர்தான் டைப் டீச்சர். ஒருநாள் காலை பாத்ரூம் போய் வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். மூளையில் ரத்தக் கசிவு. உயிர் பிழைத்தார். கை, கால், நாக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை. கண் மட்டும் திறந்து மூடும், அசையும். காது கேட்கிறதா, புரிகிறதா, அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை. டாக்டரம்மா நேர்மையானவர். முழுசாப் புரியலாம், ஒண்ணுமே புரியாமலும் இருக்கலாம், எங்க பரிசோதனைக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியுது என்று சொல்லிவிட்டு, இப்படி ஒரு கருவி இருப்பதாகச் சொன்னதும் அவர்தான். வெளிநாட்டில் இருக்கிற மகன் வாங்கி அனுப்பினான்.

கருவி வேலை செய்யவில்லை. அம்பு விசுக்கென்று ஓடிப்போய் வலது மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு நடுங்கியது. மகன் விடுப்பில் வந்து என்னென்னவோ செய்து பார்த்தான். வெளிநாட்டுக்குத் திரும்பிய பிறகு, அப்பா, அம்மா இல்லைன்னு மனசைத் தேத்திக்கங்க என்று, கட்டிலோரம் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் சொன்னானாம். உறவுக்காரர்களும் அதையே சொன்னார்கள். டிரைவர் யாரோடும் வாதாடவில்லை. ஆனால் அந்தப் பட்டையைக் கழற்றவும் இல்லை.

ஒரு இயந்திரம் ஓடாமல் போனதை வைத்து ஒரு மனுஷி இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்களே என்பதுதான் அக்காவை உலுக்கியது. திரையில் தெரிகிற எண்ணைப் படிக்கச் சொல்லி, அதைக் கொண்டு அவர் வீட்டுக் கம்ப்யூட்டரைத் தன் திரைக்கு இழுத்துக்கொண்டாள். இது அவர்கள் தினமும் செய்வதுதான். எங்கோ ஒரு வீட்டுத் திரையில் நடப்பது அப்படியே இவள் மேஜையில் தெரியும்.

கருவியை இயக்குகிற மென்பொருளுக்கு அவர்கள் பாஷையில் டிரைவர் என்று பெயர். அக்கா பார்த்துவிட்டு, "டிரைவர் ரொம்பப் பழசாயிடுச்சுங்க, மாத்தணும்" என்றாள்.

மறுமுனையில் பெரியவர் ஒத்துக்கொண்டார். "பழசுதாம்மா. ஆனா இவளுக்கு வேற டிரைவர் கிடையாது."

அக்காவுக்குப் புரைக்கேறிவிட்டது. விளக்கிச் சொன்னதும் அவரும் சிரித்தார். நெடுநாள் கழித்துச் சிரிக்கிற மாதிரி இருந்ததாம் அந்தச் சிரிப்பு.

டிரைவரை மாற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. கடிகாரம் வந்து செருமினார். நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லி வைத்தாள்.

அன்று மாலை கருவியின் கையேட்டைத் தேடி எடுத்துப் படித்தாள். அந்தப் பட்டை, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஒளியை முகத்தில் அடித்து, அது விழியில் பட்டுத் திரும்புவதைப் படிக்கிறது. வெயிலிலும் அதே ஒளி இருக்கிறது. முகத்தில் வெயில் விழுந்தால் கருவிக்குத் தலைகால் புரியாது. மறுநாள் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டாள். கட்டிலுக்கு நேர் எதிரே, தெருவைப் பார்த்து என்றார். மனைவி தெருவைப் பார்க்கட்டும் என்றுதான் கட்டிலை அங்கே போட்டிருந்தாராம். கனமான போர்வை ஒன்றை ஜன்னலில் தொங்கவிடச் சொன்னாள். நடுக்கம் நின்றது. ஆனால் அம்பு மட்டும் அதே வலது மேல் மூலையில் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது.

கோளாறு போகவில்லை. அக்கா அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது டிரைவர் போர்வையை இழுத்துக் கட்டியபடி ஏதோ சொல்லிக்கொண்டே நகர்ந்தார். அம்பு துளியூண்டு இடது பக்கம் வந்தது.

அக்காவுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது. ஐயா, திரைக்குப் பின்னால போய் நில்லுங்க, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் எதையாவது பேசிக்கிட்டே நடங்க என்றாள். என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தான் ஓட்டிய தடத்தின் நிறுத்தங்களை ஒன்றொன்றாகச் சொல்லிக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரி, சந்தை, நூலகம், ரயில்வே கேட். திரையின் மேல் விளிம்பை ஒட்டியபடி அந்த அம்பு மெல்ல ஊர்ந்தது. அவர் நின்றால் நின்றது. திரும்பி நடந்தால் திரும்பியது.

அக்கா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டாள். சுற்றிலும் அத்தனை பேர் பேசுகிற மண்டபம் அவளுக்குக் கேட்கவில்லை. கம்பி வழியாக ஊர் தாண்டி வந்து தன் மேஜையில் நகர்ந்துகொண்டிருப்பது அம்பு இல்லை, ஒரு பெண் தன் புருஷனைப் பார்க்கிற பார்வை என்று அவளுக்குத் தோன்றியது. "உடம்பெல்லாம் சில்லுனு ஆயிடுச்சுடா, யாரோ அறைக்குள்ள வந்து நின்ன மாதிரி" என்றாள் என்னிடம்.

அவரிடம் அதை உடனே சொல்லவில்லை. தற்செயலாக இருந்தால்? ஒரு முறை இடிந்து உட்கார்ந்த மனிதரை மறுபடி தூக்கிவிட்டுக் கீழே போடக் கூடாது. எழுந்து போய்க் கடிகாரத்தைக் கூட்டி வந்தாள். ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டு இன்னொரு முறை அவரை நடக்கச் சொன்னாள். கடிகாரம் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உனக்கு வர்ற மத்த போனையெல்லாம் வேற ஆளுக்கு மாத்திடறேன்" என்று மட்டும் சொன்னார்.

பார்வை சரியாகத்தான் இருக்கிறது. அதைத் திரையில் கொண்டுபோய் வைக்கிற இடம்தான் தப்பு. எல்லாமே வலது மேலாகத் தள்ளிப் போகிறது. ஏன்? அக்காவுக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான். இதை முதன்முதலாக மாட்டியபோது என்ன செய்தீர்கள், யார் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டாள்.

"நான்தாம்மா. அவ முன்னாடி வைக்கறதுக்கு முன்ன ஓடுதான்னு பார்த்துடலாம்னு நாற்காலி போட்டு உக்காந்தேன். ஒரு புள்ளி அங்கங்க வந்துச்சு. அதைப் பார்க்கச் சொல்லிச்சு, பார்த்தேன்..." அவர் பேச்சு பாதியில் நின்றது. பிறகு மெதுவாக வந்தது. "ஏம்மா, வேற ஆள் ஓட்டின வண்டியில ஏறினா, உக்காந்த உடனே கண்ணாடியைத்தான் நம்ம உயரத்துக்குத் திருப்புவோம். இதுல அந்தக் கண்ணாடியை நான் திருப்பவே இல்லையா?"

அக்கா சொன்னாள். "ஆமாங்கய்யா. அது இன்னும் உங்க கண்ணாடியாத்தான் இருக்கு. அவங்க பார்க்கறதை எல்லாம் நீங்க பார்க்கறதா நினைச்சுக்கிட்டிருக்கு."

மகன் புதிதாக அளவெடுக்க முயலாமல் இல்லை. ஆனால் முகத்தில் விழுந்த வெயிலால் கருவி ஒவ்வொரு முறையும் தோற்று, சத்தமில்லாமல் பழைய அளவுக்கே திரும்பியிருக்கிறது. ஒரு கோளாறுக்குப் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொண்டிருந்தது. வெயிலை மறைத்த பிறகுதான் மற்றது வெளியே தெரிந்தது. அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, நான் நேரில் போயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்பாள் அக்கா.

டீச்சர் பெயரில் புதுக் கணக்குத் திறந்தாள். புள்ளி நகர்கிற வேகத்தை ஆகக் குறைத்தாள். திரையில் புள்ளி தோன்றியது. அதையே உற்றுப் பார்த்தால் அது சுருங்கி மறைந்து வேறு இடத்தில் முளைக்கும். முதல் முறை தோற்றது. இரண்டாம் முறையும் தோற்றது. டிரைவர் ஒவ்வொரு புள்ளிக்கும், அதோ பாரு, இப்ப கீழ பாரு என்று தவித்துக்கொண்டிருந்தார். அக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது.

"ஐயா, நீங்க பேசினா அவங்க புள்ளியை விட்டுட்டு உங்களைத்தான் பார்க்கறாங்க. கொஞ்ச நேரம் பேசாம இருங்க."

அவர் வாயை மூடிக்கொண்டார். போனில் மின்விசிறி கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. புள்ளி சுருங்கியது. அடுத்த புள்ளி. அதுவும் சுருங்கியது. அவசரமில்லாமல், தடுமாறாமல், ஒவ்வொன்றாக எல்லாம் சுருங்கி மறைந்தன. கடைசிப் புள்ளியும் போனபின் அம்பு மூலையை விட்டு இறங்கி வந்தது. திரையின் நடுவில் நின்றது.

அக்கா எழுத்துப் பலகையைத் திறந்துவிட்டுத் தன் மௌஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தன் கை பட்டால் அந்தப் பார்வை மேல் மோதிவிடுமோ என்று பயம். தடுப்புகளுக்கு மேலாக இரண்டு மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. அம்பு எழுத்துகளின் மேல் அலைந்தது. மகர வரிசையில் போய் நின்றது.

மூ.

அக்கா அதை நம்பவில்லை. கண் எங்காவது நின்றால் ஏதாவது ஒரு எழுத்து விழத்தான் செய்யும். அம்பு நகர்ந்தது. க். பிறகு, கு.

"மூக்குன்னு வந்திருக்கும்மா" என்றார் டிரைவர். "எதுக்கு மூக்கு?" என்று அவரே கேட்டுக்கொண்டார். அம்பு ஒரு எழுத்தைத் தவறாகத் தொட்டது. பின்னால் வந்து அதை அழித்தது. தவறாக விழுந்த எழுத்தைத் தானே அழித்தது. அக்கா அந்த இடத்தில்தான் அழ ஆரம்பித்தாளாம், அடுத்தது வருவதற்கு முன்பே.

அரிக்குது.

போன் கீழே வைக்கப்படும் சத்தம். நாற்காலி நகரும் சத்தம். அத்தனை காலம் அந்தக் கட்டிலில் கிடந்து, ஒரு ஈ உட்கார்ந்தாலும், ஒரு முடி விழுந்தாலும் சொல்ல வழியில்லாமல் இருந்தவர் முதலில் கேட்டது அதைத்தான். திரையில் அம்பு மறுபடி அசைந்தது.

இன்னும் இடது பக்கம்.

அப்போதுதான் தூரத்தில் டிரைவரின் குரல் கேட்டது. சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒன்று. கடிகாரம் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அக்காவின் அருகில் நின்ற ஒரு பெண் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அன்று வீட்டுக்கு வந்து அக்கா இதைச் சொன்னபோது அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி அப்படியே நின்றுவிட்டது. அந்தம்மாவுக்கு இவ்வளவு நாளும் எல்லாம் கேட்டுக்கிட்டா இருந்துச்சு என்று கேட்டாள். ஆமாம் என்றாள் அக்கா. மகன் சொன்னதுமா? அதுவும்தான். அம்மா வெகுநேரம் நறுக்கியதையே திரும்ப நறுக்கிக்கொண்டிருந்தாள்.

மகனிடம் டீச்சர் என்ன பேசினார் என்று அக்கா கேட்கவில்லை. அவன் அடுத்த வாரமே வந்து சேர்ந்தான் என்பது மட்டும் தெரியும். டாக்டரம்மா வீட்டுக்கே வந்து, அரை நாள் உட்கார்ந்து டீச்சரோடு பேசினார். போகும்போது அக்காவின் எண்ணை வாங்கிக்கொண்டார். இப்படிக் கண் மட்டும் அசைகிற இன்னும் சிலர் தன் பொறுப்பில் இருப்பதாகச் சொன்னார். கம்பெனியில் கடிகாரம் மேலே போய்ப் பேசியிருக்கிறார். என்ன பேசினாரோ, மண்டபத்தின் ஒரு கோடியில் இப்படிப்பட்ட கருவிகளுக்கென்று தனி மேஜை போட்டு அக்காவை உட்கார்த்தினார்கள். அந்த மேஜைக்கு நேரக் கணக்குக் கிடையாது. அங்கே வருகிற எல்லா அழைப்பும் இப்படி முடிவதில்லை. சில வீடுகளில் எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தாலும் அம்பு வெறுமனே மிதந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களில் அக்கா வீட்டில் அதிகம் பேசமாட்டாள்.

டீச்சர் அவளை விடவில்லை. கம்ப்யூட்டரிலிருந்தே அவளுக்குச் செய்தி அனுப்பக் கற்றுக்கொண்டார். எழுத்துப் பலகை அகர வரிசையில் இருப்பது தனக்கு எரிச்சலாக இருக்கிறது, தட்டச்சு இயந்திரத்தில் உள்ள வரிசை வேண்டும் என்று கேட்டார். அக்கா தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தாள். அன்று அவள் தன் திரையில் கண்டதை எனக்கு நடித்தே காட்டினாள். அதுவரை தட்டுத் தடுமாறி ஊர்ந்த அம்பு, தெரிந்த தெருவுக்குள் வந்ததைப் போல விர்ரென்று பாய ஆரம்பித்ததாம். விரல்களுக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணுக்கும் தெரிந்திருந்தது. டீச்சர் எழுதிய முதல் நீண்ட செய்தி, அக்கா அனுப்பியிருந்த குறிப்பில் இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போனதைப் பற்றியது.

பிறகு ஒருநாள் இரண்டே சொல் வந்தது. ஜன்னல் வேணும்.

வெயிலை மறைக்கத் தொங்கவிட்ட போர்வை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பேச்சு கிடைத்தது, தெரு போய்விட்டது. போர்வையை எடுத்தால் கருவி குழம்பும். இதைப் போனில் சரிசெய்ய வழியில்லை. விடுமுறை நாள் பார்த்து அக்கா என்னை வண்டியெடுக்கச் சொன்னாள். கட்டில் வேலை உன் வேலைதானே என்றாள். நான் நாலு சக்கரம், கொஞ்சம் இரும்புக் குழாய், வெல்டிங் பெட்டி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

தெருவை ஒட்டிய வீடு. முன்னறையிலேயே கட்டில். மூலையில் துணி போட்டு மூடிய தட்டச்சு இயந்திரம். சுவர் ஆணியில் டிரைவரின் பழைய காக்கிச் சட்டை. அவர் நான் நினைத்ததைவிட ஒல்லியாக, உயரமாக இருந்தார். அக்காவை வாசலில் பார்த்ததும் கும்பிட்டுவிட்டு உள்ளே கையைக் காட்டினார்.

டீச்சரின் முகம் அசையவில்லை. சாய்த்து வைத்த தலை, சீராக வாரிய நரை முடி. கண் மட்டும் திரும்பி அக்காவைப் பார்த்தது. நான் பட்டறையில் எத்தனையோ முறை கண் கூசும் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன். ஒரு மனிதரின் முழு உயிரும் இவ்வளவு சின்ன இடத்தில் வந்து நிற்பதை அன்றுதான் பார்த்தேன். நான் சக்கரங்களைக் கீழே வைத்தேன். சத்தம் வராமல் வைத்தேன்.

கண் அக்காவை விட்டுத் திரைக்குப் போனது. எழுத்துகள் கடகடவென்று விழுந்தன.

குரலை வெச்சு நீ இன்னும் உயரமா இருப்பேன்னு நினைச்சேன்.

டிரைவர்தான் முதலில் சிரித்தார். அக்கா கண்ணைத் துடைத்தபடி, ஆபீஸ்ல ஹீல்ஸ் போட்டுக்கிட்டுத்தான் போன் பேசுவேங்கம்மா என்றாள். அதற்கப்புறம் எங்களுக்குக் கூச்சம் போய்விட்டது.

கட்டில் கால்களில் சக்கரம் வைத்தேன். வாசலுக்கு வெளியே உட்கார்ந்து குழாயை வளைத்துப் பற்றவைத்து, திரையைத் தாங்குகிற ஒரு கை செய்தேன். வேண்டும்போது முகத்துக்கு நேரே இழுக்கலாம், வேண்டாதபோது பக்கவாட்டில் தள்ளலாம். அக்கா அறையின் நடுவில் நின்று, வெயில் எந்த நேரம் எங்கே விழும் என்று டிரைவரைக் கேட்டுக் கேட்டு, கட்டிலை எந்தக் கோணத்தில் திருப்புவது என்று முடிவு செய்தாள். ஜன்னல் டீச்சரின் இடது தோளுக்கு நேரே வரவேண்டும். வெளிச்சம் தலையணைக்குப் பின்னால் விழவேண்டும். நானும் டிரைவருமாகத் தள்ளினோம். அக்கா ஒரு நாற்காலியில் ஏறிப் போர்வையின் முடிச்சை அவிழ்த்தாள்.

தெரு உள்ளே வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. எதிரே ஒரு தையல் கடை, சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பேசுகிற இரண்டு பேர், வாலை ஆட்டாமல் நடந்து போகிற ஒரு நாய், மாடியில் காயப் போட்ட துணி. டீச்சரின் கண் அந்தப் பக்கம் போனது. போனது போனதுதான்.

அக்கா பழக்கதோஷத்தில் திரையைப் பார்த்தாள். கண்கள் தெரியவில்லை, சரியான இடத்தில் அமரவும் என்று ஒரு செய்தி அதில் வந்து நின்றது. அவளுடைய கை தானாக அதை நோக்கிப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு நான் செய்த அந்தக் கையைப் பிடித்து, திரையை மெல்லப் பக்கவாட்டில் தள்ளிவிட்டாள்.

டிரைவர் கட்டிலோரம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அவரும் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். எங்களை இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. நாங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியே வந்தோம்.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது, அவ்வளவு நேரம் அந்தம்மா எதைப் பார்த்தாங்கன்னு கேட்டிருக்கலாமே என்றேன்.

அக்கா சொன்னாள். "கேக்கத் தோணலடா. அது அவங்க பாக்கறது."